நொடிமுள் சொன்னபடி

அண்ணனின் முகம் கண்ணாடி. நல்ல சீட்டு வந்தால் காது சிவக்கும். மோசமான சீட்டை வைத்துக்கொண்டு உதார் விட்டால் மூக்கு வியர்க்கும். பஸ் பணிமனையில் மதிய இடைவேளையில் நடக்கும் போக்கர் சீட்டாட்டத்தில் சக மெக்கானிக்குகள் அவனை மென்று துப்பினார்கள். கணக்கில் பட்டம் வாங்கிய தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை.

“முடிவை நீ எடுக்கிறதாலதான் மூஞ்சி காட்டிக் கொடுக்குது. இனிமே நீ எடுக்காத,” என்றாள். “எதிராளி பந்தயத்தை ஏத்தினா வாட்சைப் பாரு. நொடிமுள் முதல் இருபதுக்குள்ள இருந்தா, அவனோட சீட்டைக் காட்டச் சொல்லு. தாண்டிடுச்சா, உன் சீட்டைக் கவுத்துட்டு விலகிடு. உனக்கே தெரியாததை எவன் படிப்பான்?”

அண்ணன் தோற்பது நின்றது. ஜெயிப்பதும் இல்லை. வெல்டர் உதார் விடும்போதெல்லாம் மீசையைத் தடவுவார். முன்பெல்லாம் அதை முதலில் பிடிப்பவன் அண்ணன்தான். அரைகுறை ஆட்டக்காரர்களை ஜெயிக்க அவர்களைப் பார்க்க வேண்டும். அந்தப் பாடத்தைத் தங்கச்சி சொல்லித் தரவே இல்லை. அந்த மடையர்களுக்கு முதல் பாடமே போதும் என்ற திமிர் அவளுக்கு.

அண்ணன் இப்போது முள்ளை மட்டுமே பார்த்தான்.

வீட்டிலும்தான். “இன்னும் கொஞ்சம் போடவாடா?” என்று அம்மா கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முள் சொன்னபடி “போடு” என்பான், இல்லை “வேணாம்” என்பான். பசியா, இல்லையா, அவனுக்கே தெரியாது.

“என்னடி செஞ்சே என் புள்ளைய? கூப்பிட்டா அவன் குரல் வருது, அவன் வரல,” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணனை மீட்டே தீருவது என்று தங்கச்சி சீட்டுக்கட்டோடு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“வாட்சைக் கழட்டிக் குடு.”

கழற்றிக் கொடுத்தான். சீட்டு போட்டாள். தன் பந்தயக் காய்கள் மொத்தத்தையும் நடுவில் தள்ளி, தன் இரண்டு சீட்டையும் அவன் பார்க்கவே திருப்பி வைத்தாள். ரெண்டு, ஏழு. குப்பை.

“சுத்த உதார்ண்ணா. பிடி என்னை. என் மூஞ்சியப் பாரு, போதும்.”

அவள் கண்ணில் நீர் முட்டியது. அவன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். வார் அழுத்திய வெளுத்த தடம்தான் அங்கே இருந்தது. உதடு மெல்ல அசைந்தது: “நாப்பத்தொண்ணு… நாப்பத்திரெண்டு…”

கைக்குள் இருந்த வாட்சைப் பார்த்தாள். முள் சரியாக நாற்பத்திரெண்டில் இருந்தது.

அண்ணன் சீட்டைக் கவிழ்த்தான். அவள் அதைப் பிடுங்கித் திருப்பினாள். இரண்டு ராஜா. அவள் குப்பையை எளிதாக அடிக்கும் சீட்டு.

“சரியாத்தானே ஆடினேன்?” என்று அவன் கேட்டான்.