படி தெரியாத வீடு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மிண்டாவின் வீட்டு ஜன்னலில், அவகாடோ ஐஸ் வாங்கப் போனபோது. இதைவிடக் கௌரவமான பூர்வீகம் இதற்கு இல்லை. இந்தத் தீவின் கடலோர ஊரான கிம்பாலில் குளிர்பெட்டி உள்ள வீடுகளில் பாதி இப்படித்தான்: மெல்லிய பாலித்தீன் குழாயில் பழக்கூழை ஊற்றி உறைய வைத்து, ஜன்னலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு விற்பார்கள். அன்று அட்டை தொங்கியது, ஐஸ் வரவில்லை.

"இன்னிக்கு இல்ல மானோங். ஐஸுக்கு வேற வேலை இருக்கு" என்றாள். (மானோங் என்றால் இங்கே அண்ணன்.)

ஐஸுக்கு அப்படி என்ன உத்தியோகம் என்று எட்டிப் பார்த்தேன். மேசைமேல் பன்னிரண்டு குழாய் ஐஸ். அதன்மேல் ஒரு துண்டு. துண்டின்மேல் கைக்கு அடங்கின ஒரு பழைய நெட்புக் கணினி, பக்கத்தில் மின்விசிறி முழு வேகத்தில்.

"சூடானா நொண்டுது. குளிர வச்சா ஓடுது" என்றாள்.

"தண்ணி இறங்கிடாதா?"

"அதுக்குத்தான் துண்டு."

(உருகின ஐஸை அவள் மறுபடி உறைய வைத்து விற்றாளா என்று கேட்காதீர்கள். நான் மறுநாள் இரண்டு வாங்கித் தின்றேன்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் அல்லாடினேன்.

முதல் தொடக்கம்: "லுஸ்விமிண்டாவின் வாழ்க்கை நொடிக்கு எட்டுத் துண்டுகளாக உடைந்து—"

வேண்டாம். நானே வாசிக்க மாட்டேன்.

இரண்டாவது: "ஜுபைலில் வெயில் ஏறும்போது கிம்பால் கடலில் வெயில் இற—"

இது நாட்காட்டியில் படத்துக்குக் கீழே போடுகிற வாக்கியம்.

மூன்றாவது: "மிண்டா ஒரு பொய் சொல்லியிருந்தாள்."

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மிண்டா ஒரு பொய் சொல்லியிருந்தாள். அவள் கணவன் ரொடெல் சவூதியில், ஜுபைலில், குழாய் பற்றவைப்பவன், போய் நான்கு வருடம் ஆகிறது. இந்த ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அவனுக்குக் காலை பதினொன்று, இவளுக்கு மாலை நான்கு. அந்த நேரத்தில் இருவரும் ஓர் இணைய விளையாட்டுக்குள் போய்ச் சந்திப்பார்கள். முகம் பார்த்துப் பேசினால் இருவருக்கும் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். விளையாட்டுக்குள் மீன் பிடித்துக்கொண்டு, காட்டுப்பன்றியை விரட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அரட்டையடிப்பார்கள்.

நெட்புக் தடுமாறுகிறது என்று இவள் ஒருநாள் சொல்ல, அவன் புது மடிக்கணினி வாங்கப் பணம் அனுப்பினான். அதே வாரம் மிண்டாவின் தம்பி ஆர்னெல் மோட்டார் சைக்கிளோடு பாலத்தில் மோதிக் காலை உடைத்துக்கொண்டான். பணம் அந்தக் காலுக்குப் போயிற்று. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் முன்பு ரொடெலின் வண்டியை அவனுக்குத் தெரியாமல் விற்றவன் இந்த ஆர்னெல். அன்றிலிருந்து அவன் பெயரே ரொடெலுக்கு ஆகாது.

"புதுசு எப்படி இருக்கு இண்டாய்?" என்று கேட்டான் ரொடெல். செல்லமாக அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"பறக்குது" என்றாள் மிண்டா.

ஒரு சொல்தான். அதை நிஜமாக்க அவள் எட்டு மாதம் பாடுபட்டாள்.

4

விளையாட்டு என்பது படங்களின் ஓட்டம். நொடிக்கு முப்பது படம் வந்தால் மனிதன் நடக்கிறான். எட்டு வந்தால் வலிப்பு வந்தவன்போல் வெட்டி வெட்டி நகர்கிறான். மிண்டாவுக்கு எட்டுதான் வந்தது.

அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எதையும் ஒழுங்காகப் படித்து, குறிப்பெடுத்து, ஒவ்வொன்றாகச் செய்வாள். முதலில் பின்னணியில் சும்மா ஓடுகிற நிரல்களை நிறுத்தினாள். பத்து. திரையின் அளவைக் குறைத்தாள். பதினொன்று. நிழலை அணைத்தாள், பதினான்கு. புல்லை அணைத்தாள். மழையை, வானத்தை, நீரின் அசைவை அணைத்தாள். மற்ற ஆட்டக்காரர்களின் உடலை மறைத்து ரொடெலை மட்டும் விட்டுவைத்தாள். ஒலியையும் குரலையும் எடுத்தாள். "மைக்ல ஏதோ கோளாறு, தட்டச்சே பண்ணுவோம்" என்று அதற்கு ஒரு குட்டிப் பொய். ஐஸ் வைத்த அன்று இருபத்திரண்டு வந்தது.

அப்புறம்தான் அந்தத் தவறைச் செய்தாள். அமைப்புப் பட்டியலில் "நுணுக்கம்" என்ற எண்ணை ஒன்றுக்குக் கீழே இறக்க விடமாட்டார்கள். அவள் விளையாட்டின் உள்கோப்பைத் திறந்து, ஒன்றை அழித்து, சுழியம் போட்டாள். இருபத்தெட்டு வந்தது. வீட்டுக்குள்ளேயே கைதட்டினாளாம். சுழியத்தில் சிறிய பொருள்கள் எதுவும் வரையப்படாது. நாற்காலி, ஜாடி, கதவுப்பிடி எதுவும். சுவர் வெறும் சாம்பல் பலகை.

"பாரு, அந்த மலை உச்சியில பூ!" என்பான் ரொடெல்.

"ஆமா, மஞ்சளா!" என்பாள் மிண்டா.

"சிவப்பு."

"உன் திரையில கோளாறு."

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு ஒழுங்கான பெண் எட்டு மாதம் பொய் சொல்வாளா? தம்பிக்கு இன்னும் பாசமான ஒரு முகம் கொடுத்தால் வாசகர் மன்னிப்பாரோ என்று ஒரு பத்தி எழுதினேன். ஆர்னெல் ஊன்றுகோலோடு வந்து அக்காவின் கையைப் பிடித்து—

அடித்துவிட்டேன். நான் பார்த்த ஆர்னெல் கட்டுப் போட்ட காலை ஜன்னலில் நீட்டிக்கொண்டு, அக்காவைப் பார்த்து, "மானாங், அவகாடோ தீர்ந்துட்டா பச்சைப்பயறு ஐஸ் கொண்டா" என்று கத்துகிறவன். அவன் அப்படியே இருக்கட்டும். பாசத்துக்குத் தகுதி பார்த்தா செலவு செய்கிறார்கள்?

அவள் பொய் சொன்னது தம்பிக்காக மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. உண்மையைச் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை சண்டையில் போகும். அதற்கடுத்ததும் போகும். வாரத்துக்கு இரண்டு மணி நேரக் கணவனை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை.

6

கதை நடக்கிற வெள்ளிக்கிழமை இது.

"இன்னிக்கு மீன் வேணாம். என் பின்னாலயே வா" என்றான் ரொடெல். அந்த விளையாட்டில் மனை வாங்கி வீடு கட்டலாம். ஐந்து மாதமாக, அவளுக்குச் சொல்லாமல், பலகை பலகையாக ஒரு வீடு கட்டியிருந்தான். அவர்கள் கிம்பாலில் கட்டப்போகிற வீட்டின் அதே அளவு, அதே வாசல்.

"சமையலறை ஜன்னல் கடலைப் பார்த்து. நீ கேட்ட மாதிரி."

மிண்டாவுக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் பெட்டி. அதில் ஓர் ஓட்டை.

"அழகு" என்று தட்டினாள்.

"தரை எப்படி? ரெண்டு நிறத்துல போட்டேன்."

"அதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"இனிமேதான் முக்கியமானது. படி. ஏறி எண்ணிச் சொல்லு. திங்கக்கிழமை அங்க தச்சர் வர்றார், அதே கணக்குக் குடுத்துருவேன்."

இங்கே மாடிப்படியை ஓரோ, பிளாத்தா, மாத்தா என்று மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். பொன், வெள்ளி, சாவு. கடைசிப் படி சாவில் முடிந்தால் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். பொறியாளர்களும் எண்ணுகிறார்கள், பாதிரியார்களும் எண்ணுகிறார்கள்.

"நீயே எண்ணியிருப்பியே?"

"கண் அளவுல வச்சேன். குடியிருக்கப் போறவ எண்ணட்டும். நீ சொல்ற எண்தான் எண்."

மிண்டா திரையைப் பார்த்தாள். நுணுக்கம் சுழியத்தில் படிகள் வரையப்படுவதில்லை. அவள் முன்னால் இருந்தது வழவழப்பான ஒரு சரிவு.

7

பதினொன்று என்று சொல்லிவிடலாம். பதினொன்று வெள்ளி. ஆனால் நிஜத்தில் அவன் வைத்தது பன்னிரண்டாக இருந்து, பதினொன்றுக்கு அளவு கொடுத்தால் ஒவ்வொரு படியும் உயரும். அவன் எண்ணிப் பார்த்துக் கேட்டால் எல்லாம் வெளியில் வரும். அவள் பாதிச் சரிவில் நின்று, இரண்டு விசைகளை அழுத்தி உள்கோப்புக்குப் போய், சுழியத்தை அழித்து மூன்று என்று போட்டுச் சேமித்தாள். ஒரு நிமிடம் போதும், எண்ணிவிட்டுத் திரும்ப இறக்கிவிடலாம் என்று நினைத்தாள்.

விளையாட்டுக்குத் திரும்பியதும் நெட்புக் உறைந்தது. சுட்டி அசையவில்லை. விசிறி மட்டும் இரைந்தது. ஆறு நிமிடம். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வந்துரு, வந்துரு" என்று அதனிடம் கெஞ்சினாள்.

ரொடெலின் திரையில் நடந்தது வேறு. அங்கே வீடு முழுசாக, வெளிச்சமாக இருந்தது. அவன் மனைவி படியில் பாதி ஏறி, மாடியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். கேட்டதற்குப் பதில் இல்லை. திரும்பவும் இல்லை.

நெட்புக்குக்கு உயிர் வந்தபோது அவன் சொன்னதெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது.

"எத்தனை?"

"என்ன இண்டாய், நின்னுட்ட?"

"படி உயரமா இருக்கா?"

"ஓ. அங்கேருந்து மாடி ரூம் தெரியுதுல்ல."

"கட்டிலைப் பாத்துட்ட."

"சொல்லணும்னுதான் இருந்தேன். சத்தியமா இன்னிக்கு சொல்லணும்னுதான்."

"ரெண்டு வருஷத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட்டுட்டேன். போன மாசமே. வீட்டுக்கு வேற வழி தெரியல."

"நான் இல்லாத வீட்டுல ரெட்டைக் கட்டில் போட மனசு வரல. அதான் ஒத்தைக் கட்டில். வாயால பொய் சொல்லிட்டேன், கையால முடியல."

"நீ எதையும் கவனிச்சுருவன்னு தெரியும்."

"மிண்டா, ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்."

8

அவள் கட்டிலைப் பார்க்கவில்லை. மாடியே இன்னும் அவளுக்கு வரையப்படவில்லை. கீழிருந்து படிகள் மட்டும் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன.

முடிவு அ: "ஒரு மாசமா மறைச்சியா?" என்று தட்டுகிறாள். அவன் மன்னிப்புக் கேட்கிறான். அழுகை நிஜம், கோபம் நிஜம். அவள் பொய் இனி யாருக்கும் தெரிய வராது. எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

முடிவு ஆ: படிகளைப் பொறுமையாக எண்ணி, எண்ணை மட்டும் அனுப்புகிறாள். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அவன் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்கிறான். இலக்கிய ரசிகர்களுக்குப் பிடிக்கும். எனக்கு அவளைத் தெரியும், அவள் இப்படி வாயை மூடுகிறவள் இல்லை.

முடிவு இ: "நான் கட்டிலைப் பாக்கவே இல்ல. லேப்டாப் வாங்கவே இல்ல. ஆர்னெல் கால்—"

இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கினேன். ஏழு முறையும் அந்த இடத்திலேயே நின்றது. மொழி போதாமல் இல்லை. நான் இந்தத் தீவுக்கு வந்தது மருத்துவம் படிக்க. மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டேன். பதினான்கு வருடமாகத் தொலைபேசியில் அம்மா, "இன்னிக்கு எத்தனை நோயாளி பாத்த?" என்று கேட்கிறாள். நானும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்கிறேன். சிலநாள் பன்னிரண்டு, சிலநாள் இருபது. அவள் அதைத் தெருவெல்லாம் சொல்கிறாள்.

மிண்டாவிடமே போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். "நீங்களா இருந்தா என்ன தட்டியிருப்பீங்க மானோங்?" என்றாள். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே இ-யை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அ-வை எழுத மனம் இல்லை. வாசகரே, அரட்டைப் பெட்டி திறந்திருக்கிறது. அவன் படிக்குக் கீழே நின்றுகொண்டு, தன் மனைவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவள் விரல்கள் விசைப்பலகையில் இருக்கின்றன. பதிலுக்குப் பொய் சொல்லும்படி உங்களிடம் யாரும் எதையும் கேட்காத வாழ்க்கை வாய்த்திருந்தால், நீங்கள் தட்டுங்கள்.