நகர மண்டபத்துக் கொழுந்து

1999 மாசியில் பதுளைச் சந்தையில் உருளைக்கிழங்கு விலை ஏறியது, ஹாலிஎலப் பாதையில் மண் சரிந்தது, நகர மண்டபத்தில் ஆட்கள் உட்காரும் மர வாங்குகள் எல்லாவற்றிலும் தேயிலை துளிர்த்தது. முதல் இரண்டைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள். மூன்றாவது ஜீவராணியின் வேலை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அதில் பேச ஒன்றும் இல்லை.

நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவள் ஜீவராணி. ஒன்பது வயதில் பக்கத்துக் காம்பிரா வீட்டு ஆட்டைப் பற்றி ஒரு கவிதை கட்டிச் சொன்னாள். சொல்லி முடித்தபோது கதவு நிலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து நின்றது. அன்றிலிருந்து அவள் கவிதை சொன்னால் பக்கத்திலிருக்கும் செத்த மரமெல்லாம் துளிர்க்கும். உயிரோடு நிற்கும் மரங்கள் அவளைச் சட்டை செய்ததே இல்லை. உலக்கை துளிர்த்தது, மேசை துளிர்த்தது, பள்ளிக்கூட அதிபரின் பிரம்பு துளிர்த்தது. துளிர்த்த பிரம்பால் அடித்தால் பிள்ளைகளுக்குக் கூச்சந்தான் எடுத்ததால் அவர் அடிப்பதையே விட்டுவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே தோட்டத்துப் பிள்ளைகள் ஜீவராணியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

அவளுடைய அம்மா இராக்கம்மா கொழுந்து பறிப்பவள். பறிக்காமல் ஒரு கொழுந்தைத் தாண்டிப் போக அவளுடைய கைக்குத் தெரியாது. கதவில் துளிர்த்ததை அவள் கிள்ளி மடியில் போட்ட செய்தி கணக்கப்பிள்ளையின் காதுக்குப் போனது. "லயம் தோட்டத்தோடது, கதவு லயத்தோடது. அப்ப கொழுந்து யாரோடது?" என்று கேட்டார். "தோட்டத்தோடதுதாங்க" என்றாள் இராக்கம்மா. பிறகு கதவுக் கொழுந்தும் கூடையோடு தராசில் ஏறி ஃபெக்டரிக்குப் போயிற்று. இதில் யாரும் தப்புக் காணவில்லை.

அந்தக் காலத்தில் பதுளையில் கனகசபை என்றொரு யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் இருந்தார். இளசுகள் மேடையேறி மோதட்டும் என்று வருடந்தோறும் கவிச்சமர் நடத்தினார். கவிதை சொந்தமாக இருக்கவேண்டும், கையில் தாள் இருக்கக்கூடாது, மூன்று நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். முன்பு நடுவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் கைகலப்பு ஆனதால் அவர்களை நீக்கிவிட்டு, சபை யாருக்கு அதிக நேரம் கைதட்டுகிறதோ அவரே வென்றவர் என்று சட்டம் போட்டார். கைக்கடிகாரமும் அவருடையதுதான். இரண்டு வருடமாக வென்று வந்தவன் சிந்துஜன். டாக்டர் வீட்டுப் பிள்ளை, நல்ல குரல், கைதட்டச் சளைக்காத ஏழு மாமிமார்.

ஜீவராணிக்கு அப்போது பதினாறு வயது, சாதாரணதரப் பரீட்சை எழுதியிருந்தாள். மேலே படித்து ரீச்சர் ஆகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவள் கவிச்சமருக்குப் பேர் கொடுத்தபோது இராக்கம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "ஜெயிச்சின்னா படி. தோத்தின்னா சித்திர கழிச்சிப் பேர் பதிஞ்சிரு." தோட்டத்தில் பேர் பதிந்தால் தலையில் கூடை ஏறும், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஜீவராணி பயப்படவில்லை, சிரித்தாள். அவளுக்குக் கைதட்ட ஒரு லொறி நிறையக் கொழுந்துப் பெண்கள் வருவதாக இருந்தார்கள். காய்த்துப்போன கைகள். தட்டினால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

சிந்துஜன் நிலாவைப் பற்றிச் சொன்னான், நன்றாகவே இருந்தது. மாமிமார் வளையல் உடையத் தட்டினார்கள். அடுத்து ஜீவராணி ஏறி அட்டையைப் பற்றிச் சொன்னாள்.

"தொரை காலில் ஏறி ரத்தம் குடித்த அட்டையே,
இனி நீ தோட்டத்து ஆளா, தொரைக்குச் சொந்தமா?"

மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக வாங்குகள் துளிர்த்தன. சாய்மானத்தில், கைப்பிடியில், மாமிமாரின் முதுகுக்குப் பின்னால், எங்கு பார்த்தாலும் பச்சை. கவிதை முடிந்தது, கனகசபை கடிகாரத்தை உயர்த்தினார். ஒரு கைதட்டல் இல்லை. பளபளவென்று கொழுந்து கண்முன்னால் நிற்கும்போது அந்தப் பெண்களின் கைகளுக்கு வேறு வேலை தெரியவில்லை. "பொலியோ பொலி!" என்று பறிப்புத் தொடங்கும் கூவலோடு ஒருத்தி முதல் பிடியைக் கிள்ள, எல்லாரும் நிரை பிடித்து வாங்கு வாங்காகப் பறித்துக்கொண்டு போனார்கள்.

"கைதட்டுங்கோ! ஆராவது கைதட்டுங்கோவன்!" என்று கனகசபை கத்தினார்.

"கை ஒழியலீங்க ஐயா!" என்று பதில் வந்தது.

ஒருத்தி மட்டும் தட்டினாள். முன்வரிசையில் இராக்கம்மாவின் கையும் கொழுந்துக்குப் போகத்தான் போனது. பாதியில் இழுத்துக்கொண்டாள். கொழுந்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கை சிவக்கத் தனியாகத் தட்டினாள். ஒரு சோடிக் கை எவ்வளவு நேரம் தாங்கும்? சிந்துஜன் வென்றான். தனக்கே விளங்கவில்லை என்று அவன் நேர்மையாகச் சொன்னான். வாங்கு நகரசபையுடையது என்பதால் கொழுந்தும் நகரசபைக்கே என்று கனகசபை தீர்த்தார். நகரசபைக்கு ஃபெக்டரி இல்லாததால் அதை ஆடுகள் தின்றன.

லொறியில் பெண்கள் வெட்கத்தில் அழுதார்கள், பிறகு அட்டையை நினைத்துச் சிரித்தார்கள், பிறகு மறுபடி அழுதார்கள். சித்திரை கழிந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோது ஜீவராணி இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. இராக்கம்மா வந்து படங்கை அவிழ்த்தாள்.

"தோத்தவதான்டி படிக்கணும். ஜெயிச்சவளுக்கு எதுக்குப் படிப்பு?"

இதையே போய்க் கணக்கப்பிள்ளையிடமும் சொன்னாள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பேர்ப் புத்தகத்தை மூடிவைத்தார். ஜீவராணி பதுளைக்குப் படிக்கப் போனாள்.

அடுத்த வருடம் கனகசபை உஷாராகிவிட்டார். வாங்குகளை வெளியே போட்டுவிட்டு, புஹாரியின் கடையில் பிளாஸ்டிக் கதிரைகள் வாடகைக்கு எடுத்தார். ஜீவராணி இந்த முறை கவிதையில் அட்டைக்குக் கலியாணம் செய்துவைத்தாள். துளிர்க்க வாங்குகள் இல்லாமல் கூரை வளைகள் துளிர்த்தன, ஆனால் கைக்கு எட்டவில்லை. பெண்கள் ஏக்கத்தோடு மேலே பார்த்துக்கொண்டே கைதட்டினார்கள். மாமிமாரும் சேர்ந்து தட்டினார்கள், சிந்துஜனும் தட்டினான். கைதட்டல் ஓய்வதற்குள் பண்டாரவளை பஸ் போய்விட்டது.

இராக்கம்மா மட்டும் தட்டவில்லை. பிளாஸ்டிக் வழுக்குகிறது என்று ஹாலிஎலச் சந்தையில் தானே வாங்கிய மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தாள். அது தளதளவென்று துளிர்த்திருந்தது. அவள் நிதானமாகக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை வெண்டிட்டாள். நீங்கள் கைதட்டேல்லையோ?" என்று கனகசபை கேட்டார்.

"தட்டத்தான் ஊரே இருக்கேங்க. இது என் சொந்தப் பலகைங்க ஐயா" என்றாள்.

வீட்டில் அந்தக் கொழுந்தை வாட்டி, கையால் கசக்கி, சட்டியில் காயவைத்துத் தேத்தண்ணி ஊற்றினாள். அவள் இத்தனை வருடம் பறித்ததெல்லாம் மலையிறங்கிப் போனது, திரும்பி வந்தது யார் பறித்ததென்று தெரியாத கழிவுத் தூள் மட்டும். தான் பறித்த கொழுந்தை அவள் குடிப்பது அதுதான் முதல்முறை. ஜீவராணி எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தாள்.

"எப்புடிம்மா இருக்கு?"

இராக்கம்மா இன்னொரு மிடறு குடித்தாள். கண் நிறைந்துவிட்டது, சிரித்தாள்.

"கசக்குதுடி. நல்லாருக்கு."

ஜீவராணி ரீச்சராகிப் பல வருடங்கள் ஆகின்றன. அவளுடைய வகுப்பில் மேசைகள் துளிர்ப்பது வழக்கம், பிள்ளைகள் அதன்மேலேயே கொப்பியை வைத்து எழுதுகிறார்கள். மணைப்பலகை இராக்கம்மாவின் அடுப்பங்கரையில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைத் தேயிலைச் செடி போலவே கவ்வாத்து வெட்டுகிறார்கள்.