வெள்ளிக்கிழமை அட்டைகள்

மாதவ் சார் புத்தகம் படிக்காத மனுஷராக இருந்திருந்தால் சைத்ராவுக்கு வேலை போயிருக்காது. இதைச் சொன்னால் என்னைத்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

தொண்ணூற்றேழில், மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. மாதவ் சார் எங்கள் டீம் லீடர். ஆட்களை எப்படி நடத்துவது என்று எவன் எந்தப் புத்தகம் எழுதினாலும் விடமாட்டார். படித்ததைச் சின்னச் சின்ன அட்டைகளில் குறித்து வந்து டீ வேளையில் வாசிப்பார். நான் கொட்டாவி விட்டால், மேகனாவுக்கு இன்னொரு டீ என்று கடைக்குச் சொல்லி அனுப்புவார். சைத்ரா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். அவள் அப்பா ரயில்வேயில் ரிட்டையராகிப் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

தவறை மறைக்கிற டீம் உருப்படாது என்று எதிலோ படித்துவிட்டு ஒருநாள் வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அவரவர் செய்த தவறை அட்டையில் எழுதி, பேர் போட்டு, சுவரில் ஒட்ட வேண்டுமாம். பயப்படாதீர்கள், யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது என்றார். முதல் அட்டையை அவரே ஒட்டினார். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் நடந்தது. ஒருத்தர் விழுந்த குழியில் இன்னொருத்தர் விழவில்லை.

ஒரு கூட்டுறவு சங்கத்தின் கணக்கு இருந்த ஃப்ளாப்பியைக் காலி என்று நினைத்து அழித்துவிட்டாள் சைத்ரா. பதறிப்போய், காகிதத்தில் இருந்ததைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி அடித்து ஏற்றினாள். சங்கத்துக்கு நஷ்டமில்லை. ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. பேசாமல் இருந்திருக்கலாம், கிறுக்கு. வெள்ளிக்கிழமை எழுதி ஒட்டினாள்.

திங்கட்கிழமை எங்கள் முதலாளி அதே சங்கத்துச் செயலாளரை ஆபீஸ் சுற்றிப் பார்க்க அழைத்து வந்தார். செயலாளர் சுவர் முன்னால் நின்று நிதானமாகப் படித்தார். மத்தியானமே சைத்ராவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மாதவ் சார் முதலாளி அறைக்கு ஓடினார். தப்பு தன்னுடையது, தன்னை அனுப்புங்கள் என்று அவர் கெஞ்சியது வெளியே எங்களுக்குக் கேட்டது. சங்கத்துக்காரர்கள் கேட்பது சுவரில் இருக்கிற பேரைத்தான் என்றார் முதலாளி.

சைத்ரா பையை மாட்டிக்கொண்டு சார் மேஜை முன்னால் வந்து நின்றாள். கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுகிறவள், அன்று தமிழிலேயே கேட்டாள்.

“உங்களை நம்பித்தானே சார் எழுதினேன்?”

எனக்கு அந்த மனுஷன் மேல் ஆத்திரமும் வந்தது, அவரைப் பார்க்க அழுகையும் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அட்டை ஒட்டினோம். சார் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். என்னுடையது உட்பட எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: இந்த வாரம் தவறு எதுவும் இல்லை.

பிறகு தன் அட்டையை எழுதி ஒட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். போய்ப் பார்த்தேன். ‘பயப்படாதீர்கள் என்று சொன்னேன்’ என்று எழுதியிருந்தார். கீழே மறக்காமல் பேர் போட்டிருந்தார்.