மெஷின் சத்தத்துக்குக் கீழே

கரண்ட் போனபோது லைன் சூப்பர்வைசர் தங்கதுரையின் வாய் முனிலட்சுமியின் காதோரம் இருந்தது. நாற்பது தையல் மெஷின்களின் இரைச்சல் ஒரே மூச்சில் அடங்கிவிட, அந்த இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும் என்று அவன் உயர்த்திய குரல் மட்டும் ஹாலின் நடுவில் அம்மணமாக நின்றது.

"...ஞாயித்துக்கிழம வாறியா, இல்ல வீட்டுலயே கெடக்கியாட்டி?"

தலைகள் நிமிர்ந்தன. தங்கதுரை இருமினான். "டார்கெட் முடிக்கணும்லா, ஞாயித்துக்கிழமயும் வேலைக்கு வரச் சொல்லுதேன்" என்றான், யாரும் கேட்காமலே. அதற்குள் ஜெனரேட்டர் உறுமியது. மெஷின்கள் அவன் சொன்னதை விழுங்கிக்கொண்டன.

காலர் துணிக்கட்டை மார்போடு அணைத்தபடி காத்தூன் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் அந்த லைனுக்கு ஹெல்பராக வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வந்தது சம்பளத்துக்காக அல்ல. இடுப்பில் செருகியிருந்த நூல் வெட்டும் கட்டர் இதே லைனில் தைத்துக்கொண்டிருந்த அவள் தங்கை ஃபகருன்னிசாவுடையது. ஜனாஸா அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்து, டிபன் பாக்ஸோடு சேர்த்து அதைக் கம்பெனி வாட்ச்மேன் கெலமங்கலத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதன் முனை தங்கதுரையின் கழுத்தில் எந்த இடத்தில் இறங்கவேண்டும் என்பதைத் துணிக்கட்டு சுமந்து நடக்கும்போதெல்லாம் அவள் பார்த்து வைத்திருந்தாள். காதுக்குக் கீழே, சட்டைக் காலருக்கு மேலே, துடிக்கிற நரம்பு.

ஃபகருன்னிசா பயந்து வாயை மூடிக்கொண்டவள் இல்லை. தங்கதுரை காதில் சொன்னதையெல்லாம் அக்காவிடம் சொன்னாள். மேனேஜர் அறைக்குப் போய் அவரிடமும் சொன்னாள். மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவர் பேசினத வேற யாராவது கேட்டாங்களாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்கத்து மெஷின்காரி கேட்கவில்லை. எதிர் மெஷின்காரிக்கும் கேட்கவில்லை. அந்த ஹாலில் அவரவர் மெஷின் சத்தம்தான் அவரவருக்கு உலகம். அடுத்த வாரமே வேலை சரியில்லை என்று அவளை அனுப்பிவிட்டார்கள். தானாகப் போய் விழுந்தவள் கடைசியில் பழிபோடுகிறாள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் பஸ் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. ரோஜாத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து அவளைத் தூக்கியபோது, கால் வழுக்கியிருக்கும் என்றார்கள்.  காத்தூன் இறந்துபோன தன் புருஷன் பேரையும் அவன் ஊரான கல்லாவி விலாசத்தையும் கொடுத்து அதே கம்பெனியில் வேலை கேட்டாள். யாருடைய அக்கா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

கரண்ட் போன அந்த மத்தியானம்தான் கட்டரை அவள் மறந்தாள். குத்தினால் ஒரு நிமிஷம். ஊர் அவனைப் பாவம் என்னும். பெண்டாட்டி மாலை போட்ட போட்டோவுக்கு விளக்கேற்றுவாள். கூடாது. அவன் உயிரோடு இருக்கவேண்டும். அவன் வாயே அவனைத் தின்னவேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் காலர் தைக்கும் நாராயணம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தான் யாரென்று சொன்னாள். அவன் காதில் பேசும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் மெஷினை நிறுத்தவேண்டும் என்றாள். நாராயணம்மா அந்த லைனிலேயே மூத்தவள். கையிலிருந்த களியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"ஏமே, மெஷினை நிறுத்துனா சும்மா உடுவானாடி? மெமோ குடுப்பான்."

"பெடல்லருந்து காலை எடுக்கறதுக்கு என்னக்கா மெமோ? மரத்துப்போச்சுன்னு சொல்லுங்க."

"நாப்பது பேருக்கும் ஒரே நேரத்துலயா?" நாராயணம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனி டாக்டருக்குப் பைத்தியம் புடிக்கும்."

சேதி ஆள்மாறி ஆள்மாறிப் போயிற்று. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள், ஆனால் அவன் மூச்சு படாத காது அந்த லைனில் அதிகமில்லை. துணிக்கட்டு சுமக்கும் காத்தூன் எல்லார் கண்ணிலும் படுவாள். தோளில் கிடக்கும் முந்தானையை அவள் முக்காடாகப் போட்டால் கால் எடுக்கவேண்டும். முக்காட்டை இறக்கினால் மறுபடி மிதிக்கலாம். முனிலட்சுமி தன் பங்கைத் தானே சொன்னாள். "அவன் பேசறப்ப 'கேக்கல சார், கேக்கல சார்'ங்கறேன்க்கா. கத்தட்டும்."

காத்தூன் அவசரப்படவில்லை. தங்கதுரையின் மச்சினி சரஸ்வதி அந்த மாதம் செக்கிங் டேபிளில் வேலைக்குச் சேர்ந்தாள். அவனே சிபாரிசு செய்து கூட்டிவந்திருந்தான். ஹால் முழுக்க அவளை 'பாப்பா' என்று கூப்பிட்டு, தண்ணி குடித்தாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அவள் இருக்கும்போதுதான் மெஷினை நிறுத்தவேண்டும் என்று காத்தூன் சொன்னதும் நாராயணம்மாவின் முகம் மாறியது.

"அந்தப் புள்ள என்னடி பாவம் செஞ்சுது?"

"எங்கூட்டுப் புள்ள என்ன செஞ்சுது?"



வெள்ளிக்கிழமை மேனேஜர் செக்கிங் டேபிளுக்கு வந்து நின்றார். அவர் கையில் ஒரு சட்டை. எதிரே சரஸ்வதி தவறுகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஹாலின் மறுகோடியில் தங்கதுரை முனிலட்சுமியின் நாற்காலியில் கையை ஊன்றிக் குனிந்தான். முனிலட்சுமி தலையை ஆட்டினாள். காதைக் காட்டினாள். அவன் இன்னும் குனிந்தான். அவன் கழுத்து நரம்பு புடைப்பது காத்தூன் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

காத்தூன் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டாள்.

"...ஸ்டோர் ரூமுக்கு வந்து நில்லு. போன தடவ ஒருத்தி மேனேஜர்ட்ட போய் அழுதாளே, கெணத்துல கெடந்தாளா இல்லியா? ஒனக்கும் அதான்!"

கடைசி வார்த்தை தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. மின்விசிறிகள் மட்டும் கறகறவென்று சுற்றின. தங்கதுரை குனிந்த நிலையிலேயே கூரையைப் பார்த்தான். கரண்ட் போகவில்லை. டியூப்லைட்டுகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

செக்கிங் டேபிளில் சரஸ்வதி "மாமா" என்றாள். கூப்பிட்ட மாதிரி இல்லை அது.

"ஏன் மெஷின் நின்னுச்சு?" மேனேஜர் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"கால் மரத்துப்போச்சு சார்" என்றாள் நாராயணம்மா. அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் சார்."

"எனக்கும்."

தங்கதுரை நிமிர்ந்தான். உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய கண்ணும் ஒரே திசையில் இருப்பதைக் கண்டு அவனும் அங்கே பார்த்தான். நின்றுகொண்டிருந்த காத்தூனை நோக்கி இரண்டடி வந்தவன், மெஷின்களுக்கு நடுவே அதற்குமேல் நடக்க முடியாதவன்போல நின்றான்.

"யாரு நீ?" மெதுவாகத்தான் கேட்டான். ஹால் முழுக்கக் கேட்டது.

அவள் அவனை விட்டுவிட்டு மேனேஜரைப் பார்த்தாள். "ஃபகருன்னிசாவோட அக்கா சார் நான்" என்றாள். பிறகு, "உங்களுக்குக் கேட்டுச்சா சார்?"

மேனேஜரின் கையிலிருந்த சட்டை மேஜைமேல் சரிந்தது. சரஸ்வதி ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது அவிழவில்லை. விரல்கள் மறுபடி மறுபடி அதையே பிடித்து இழுத்தன.

"மெஷினப் போடுங்க" என்றார் மேனேஜர். குரல் தேய்ந்திருந்தது. "எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். போடுங்கம்மா."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. நாற்பது ஊசிகள் பாதித் தையலில் துணிக்குள் இறங்கி நின்றன. பெடலுக்கு ஒரு விரற்கடை மேலே பாதங்கள் காத்திருந்தன. தங்கதுரையின் நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வை காதைத் தாண்டி, அந்த நரம்பின்மேல் வந்து நின்றது. காத்தூன் அதைப் பார்த்துக்கொண்டே, தலையிலிருந்து நழுவப்போன முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.