கழாக் குளிசை

ஏழாம் நோன்பன்று ஏறாவூரில் எங்கள் பள்ளிவாசலுக்குள் இடி முழங்கியது. இடியல்ல, அக்ரமின் குறட்டை. ஆறு நாளாகக் கடையையும் திறக்காமல் தூங்கி வழிந்தவன், நோன்பு இரவுகளில் தொழும் தறாவீஹ் தொழுகையின் இடைவேளையில் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போய்விட்டான். வாவிக்கு அக்கரையிலும் கேட்டதாக நான் சொல்லி வருகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் அவன் அறிவித்தான்: "இனிக் குளிசை போடமாட்டன். போட்டாத் தொழ ஏலாத மருந்து எனக்கென்னத்துக்கு?"

அவன் மனைவி றஸீனா பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் ஓடி வந்தாள். முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அவள் பயம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவன் மருந்தை நிறுத்தியபோது காதுக்குள் குரல்கள் திரும்பி வந்தன. தன் சைக்கிள் கடைக்குள் பூட்டிக்கொண்டு பதினொரு நாள் கிடந்தான். இந்தக் கணக்கில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை.

"தம்பி, நிப்பாட்டுறதெண்டா எழுதின டொக்டர்ட்டச் சொல்லிப்போட்டு நிப்பாட்டு," என்று அக்ரமிடம் சொன்னேன். வியாழக்கிழமை மூவரும் மனநலக் கிளினிக்குக்குப் போனோம்.

டொக்டர் அஜந்தா அவனுடைய மருந்துக் குறிப்புக் கொப்பியைப் புரட்டினார். "காலமை, பகல், இரவு எண்டு ஒவ்வொண்டு எழுதியிருக்கன். நோன்புக்க எப்பிடிப் போடுறீங்க?"

"பொழுதுபட நோன்பு திறந்ததும் போடுவன்."

"எத்தினை?"

"மூண்டையும் ஒண்டாத்தான். தவறினதக் கழாச் செய்யத்தானே வேணும்."

நேரம் தவறிய தொழுகையைப் பிறகு தொழுது ஈடுசெய்வதுதான் கழா. அதையே குளிசைக்கும் செய்திருக்கிறான்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "உசனார் ஐயா, நீங்க மருந்து குடுத்த ஆள்தானே?"

பத்துக் கோடிக் குளிசை கொடுத்திருப்பேன். கழாச் செய்யாதே என்று ஒருவனிடமும் சொன்னதில்லை. கூரையில் ஓடிய பல்லியை மிகக் கவனமாகப் பார்த்தேன்.

"அக்ரம், காதுக்க சத்தம் கேக்குதா?"

"ஒண்டரை வருஷமா இல்ல."

"அது மருந்தாலதான். அத நிப்பாட்ட ஏலாது, ஆனா மாத்தலாம்." மூன்றுக்குப் பதிலாக வேறு குளிசை ஒன்றை எழுதினார். தொழுது வந்து படுக்கப்போகும்போது ஒன்றே ஒன்று. "மறந்தா மறந்ததுதான், அடுத்த நாள் ரெண்டாப் போடப்படாது. ரெண்டு கிழமையில வந்து காட்டுங்க."

"அப்ப நான் தொழலாம்?"

"தொழுங்க. கடையையும் திறங்க."

இருபத்தோராம் நோன்பன்று அக்ரம் தறாவீஹின் இருபது றக்அத்தும், ஒரு சுற்றும் விடாமல், நிமிர்ந்து நின்று தொழுதான். அவன் பக்கத்தில் பள்ளித் தூண்களே கொஞ்சம் வளைந்தவை போலத் தெரிந்தன. நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தேன். சற்று நேரத்தில் யாரோ விலாவில் இடித்தார்கள்.

"உசனார் காக்கா, எழும்புங்க," என்றான் அக்ரம். "வாவிக்கு அக்கரையில இருந்து ஆள் வந்து நிக்கிது. உங்கட சத்தம் தாங்கேலாதாம்."