பெட்ரூமுக்குள் போனவர்

ரகுநாதன் ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருப்பவர். துபாயில் ஒரு கம்பெனியில் ஃபைனான்ஸ் மேனேஜர். அவர் ஃப்ளாட்டில் பெட்ரூம் ஏசி ஒழுகத் தொடங்கி, பலமுறை போன் செய்தபிறகு, ஒரு சனிக்கிழமை மதியம் மெயின்டனன்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டெக்னீஷியன் பன்னீர்செல்வம் ஜெயங்கொண்டத்துக்காரர். அவருக்கு ஹெல்பராக வந்தவர் ஒகெல்லோ, உகாண்டாக்காரர்.

அப்போது ஹாலில் பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் ஷ்ருதி நின்றுகொண்டே பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். பள்ளியில் டிபேட். ஒருவரைச் சந்தேகப்படும்போது போலீஸ் அவருடைய இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்பது தலைப்பு. கூடாது என்பது அவள் கட்சி. ரகுநாதன் சோபாவில் சாய்ந்தபடி திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"'தோல் சாட்சி ஆகாது'ன்னு சொன்னதும் ஒரு செகண்ட் நிறுத்து. ஜட்ஜ் மனசுல அது இறங்கணும்."

அந்த வாக்கியம் அவருடையதுதான். ஷ்ருதி அதை இங்கிலீஷில் சொன்னபோது இன்னும் நன்றாக இருந்தது. ஹோஸ் பைப்போடு ஹாலைக் கடந்து பால்கனிக்குப் போன ஒகெல்லோ அதைக் கேட்டு லேசாகத் தலையசைத்தார். ரகுநாதனுக்குப் பெருமையாக இருந்தது.

மாலையில் தமிழ்ச் சங்க விழாவுக்குக் கிளம்பும்போது மனைவி ஷியாமளாவின் பிரேஸ்லெட்டைக் காணவில்லை. டிரெஸ்ஸிங் டேபிளில்தான் வைத்தேன் என்றாள். இழுப்பறைகளைக் கவிழ்த்தார்கள். வாஷிங் மெஷினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஷியாமளா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெளியாள்னு அந்த ரெண்டு பேர்தான் வந்தாங்க."

"ரெண்டு பேர் இல்ல. ஒருத்தன்" என்றார் ரகுநாதன்.

ஷ்ருதி வாசலில் நின்றிருந்தாள். "மத்தியானம்தானேப்பா தோல் சாட்சி ஆகாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க?"

"அது அமெரிக்காவைப் பத்தி."

"இது?"

"இது நம்ம வீடு."

விழாவுக்குப் போகவில்லை. ரகுநாதன் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போனார். அங்கே இருந்த அதிகாரி இளைஞர். உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டில் ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு, நிதானமான இங்கிலீஷில் கேட்டார்.

"எடுத்ததை யாராவது பார்த்தீர்களா?"

"இல்லை."

"யார்மேல் சந்தேகம்?"

"அந்த ஆப்பிரிக்கக்காரன் மேல்."

"இன்னொருவர்மேல் ஏன் இல்லை?"

"அவர் எங்கள் ஊர்ப்பக்கம். எனக்குத் தெரிந்தவர். நேர்மையான ஆள்."

"எவ்வளவு காலமாகத் தெரியும்?"

ரகுநாதன் சற்று யோசித்தார். "இன்று மதியத்திலிருந்து" என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. அப்படியே குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கம்பெனி சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மான் இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார். அவர் காயல்பட்டினத்துக்காரர், யார் மனமும் கோணாமல் பேசுவதே அவருக்கு வேலை. ரகுநாதனும் வந்திருந்தார். முதலில் ஒகெல்லோவைக் கேட்டார்கள். தான் பால்கனியில் அவுட்டோர் யூனிட் கழுவியதாகவும், பெட்ரூமுக்குள் போகவே இல்லை என்றும் சொன்னார். ரகுநாதன் தனக்குள் சிரித்துக்கொண்டார். வேறு என்ன சொல்வான்?

அடுத்து பன்னீர்செல்வம்.

"அவர் உள்ளே வரல. பெட்ரூமுக்குள்ள போனது நான் மட்டும்தான்" என்றார். கலீலுர் ரஹ்மான் அதை அரபியில் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

ரகுநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதிகாரியிடம் அனுமதி கேட்டு, பன்னீர்செல்வத்தை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"என்னய்யா சொல்ற நீ? உன்னைக் காப்பாத்தத்தான் நான் பாடுபடுறேன்."

"நடந்ததைத்தான் சார் சொன்னேன்."

"அவன் உள்ள வரலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ ஏணி மேல இருந்தே."

"பாட்டுப் பாடிக்கிட்டேதான் சார் அவன் வேலை செய்வான். பால்கனியில இருந்து சத்தம் நிக்கவே இல்ல. அந்தப் பாட்டை எவனாலயும் மறக்க முடியாது."

"ரொம்ப சிநேகிதமா?"

"அட போங்க சார். லேபர் கேம்ப்ல அவன் மீனை வறுத்தா எனக்குக் குடலைப் புரட்டும். நான் புளி கரைச்சா அவன் ரூமை விட்டே ஓடுவான். பேசிக்கிறதே டூட்டியில மட்டும்தான்."

"அப்ப நீ எடுத்தியா?"

"இல்ல சார்."

"அவனும் எடுக்கல, நீயும் எடுக்கல. அப்ப யாரு?"

"அதை என்னைக் கேட்டா?" என்றார் பன்னீர்செல்வம்.

ரகுநாதன் கணக்குப் பார்த்துப் பழகியவர். இதையும் கணக்காகவே பார்த்தார். எடுத்தவன் எவனும் நான் மட்டும்தான் உள்ளே போனேன் என்று சொல்லமாட்டான். ஆகவே பன்னீர்செல்வம் எடுக்கவில்லை. எடுக்காதவர் என்றால் நல்லவர். நல்லவர் என்றால் சொன்னது உண்மை. உண்மை என்றால் ஒகெல்லோ உள்ளே போகவில்லை. இங்கே வந்ததும் கணக்கு இடித்தது. எங்கேயோ தப்பு இருக்க வேண்டும். பன்னீர்செல்வம் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாக வந்தது. பாவம், இளகிய மனசு. அடுத்தவனுக்காகத் தன் தலையைக் கொடுக்கிறார்.

உள்ளே போய் இதை அதிகாரியிடம் விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இவர் நேர்மையானவர் என்று நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

"ஆமாம்."

"அந்த நேர்மையானவர் சொல்வதை நம்ப வேண்டாம் என்று இன்று சொல்கிறீர்கள்."

"அவருடைய நேர்மைதான் அவரைப் பொய் சொல்ல வைக்கிறது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இதை நான் எப்படி எழுதுவது?" என்று உண்மையிலேயே தெரியாதவர்போலக் கேட்டார். பிறகு கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி, இருவரையும் அனுப்பிவிட்டார். ஒகெல்லோ போகும்போது ரகுநாதனைப் பார்த்து, அந்த ஏசி இப்போது ஒழுகுகிறதா என்று கேட்டார். இல்லை என்றார் ரகுநாதன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை கீழ்த்தளத்து ஹிஃப்ஸா போன் செய்தாள். அவள் கீழக்கரைப் பெண், ஷியாமளாவுக்கு நெருங்கிய தோழி. "ஷியாமா, உன் பிரேஸ்லெட் எங்க வீட்டு சோபா இடுக்குல கெடக்கு. வெள்ளிக்கிழமை மருதாணி போடுறப்போ கழட்டி வச்சியே, எடுத்துட்டுப் போகலையா?"

ஷியாமளா உடனே படியிறங்கிப் போனாள். திரும்பி வந்து பிரேஸ்லெட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ரகுநாதனுக்கு ஹிஃப்ஸாமேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. முன்னாலேயே சோபாவைப் பெருக்கியிருக்கக் கூடாதா?

புகாரைத் திரும்பப் பெறப் போனபோது அதே அதிகாரிதான் இருந்தார். "அல்ஹம்துலில்லாஹ், கிடைத்ததே" என்றார். "அடுத்த முறை முதலில் நன்றாகத் தேடுங்கள். பிறகு எங்களிடம் வாருங்கள்." அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் திட்டியிருந்தால் தேவலை என்று ரகுநாதனுக்குப் பட்டது.

கலீலுர் ரஹ்மானை போனில் அழைத்துத் தகவல் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம் சார். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. இனிமே இப்படி ஒரு பிரச்சனையே வராது. ஆப்பிரிக்கப் பையன்களை ஃபேமிலி ஃப்ளாட்டுக்கு அனுப்புறதில்லன்னு கம்பெனி முடிவு பண்ணிருச்சு. ஒகெல்லோவை ஜெபல் அலி வேர்ஹவுஸுக்கு மாத்திட்டோம்."

"அவர் எதுவும் செய்யலையே?"

"அதனாலதான் சார். அவங்கமேல வீண்பழி வரக்கூடாது பாருங்க. அவங்க பாதுகாப்புக்குத்தான்."

போனை வைத்த ரகுநாதனிடம் ஷ்ருதி, "நேர்ல போய் ஸாரி சொல்லணும்" என்றாள். டிபேட்டில் அவளுக்குப் பரிசு கிடைத்திருந்தது. 'தோல் சாட்சி ஆகாது' என்ற வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெட்டி இனிப்போடு இருவரும் ஜெபல் அலிக்குப் போனார்கள்.

அது உறைந்த உணவு வைக்கும் வேர்ஹவுஸ். ஒகெல்லோ தடித்த ஜாக்கெட்டோடு வெளியே வெயிலுக்கு வந்து நின்றார். ரகுநாதன் தயார்செய்து வந்ததை இங்கிலீஷில் சொல்லி முடித்தார். ஒகெல்லோ பெட்டியைத் திறந்து ஒரு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லை சார். இங்கே உறைந்த மீன்தான் இருக்கிறது. அதை யாரும் கையில் மாட்டிக்கொள்ளமாட்டார்கள்."

"என்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும்."

"எதற்கு? நானும் ஊரில் கொஞ்சகாலம் போலீஸ்காரனாக இருந்தவன்தான். எல்லையோர ஊர். பஸ் வந்தால், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களை முதலில் இறக்கிப் பையைத் திறக்கச் சொல்வோம். பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும்."

ரகுநாதனின் முகம் சட்டென்று தெளிந்தது. "பாத்தியா?" என்று மகளிடம் தமிழில் சொன்னார்.

ஷ்ருதி அவரைக் கவனிக்கவில்லை. "அப்படியானால் அந்தப் பக்கத்து ஆட்கள்தான் தப்புச் செய்கிறவர்களா?" என்று ஒகெல்லோவிடம் கேட்டாள்.

ஒகெல்லோ விரலில் ஒட்டியிருந்த நெய்யைப் பார்த்தார். "தெரியாது. எங்கள் ஆட்களின் பையை நாங்கள் திறந்ததே இல்லையே."

உள்ளே இருந்து யாரோ "யல்லா" என்று அவசரப்படுத்திக் கூப்பிட்டார்கள். ஒகெல்லோ பெட்டியை ஜாக்கெட்டுக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போனார். அவர் ஃப்ளாட் வேலைக்குத் திரும்ப முடியுமா என்று கேட்கத்தான் ஷ்ருதி வந்திருந்தாள். கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

திரும்பும் வழியெல்லாம் ரகுநாதன் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகக் கார் ஓட்டினார். ஷ்ருதி ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள்.

கதவைத் திறந்த ஷியாமளா, "என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"நான் செஞ்சதுல தப்பில்லன்னு சொன்னார்" என்றார் ரகுநாதன்.

"தப்புன்னுதான் சொன்னார்" என்றாள் ஷ்ருதி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஷியாமளாவுக்கு எதுவும் புரியவில்லை. இனிப்பையாவது வாங்கிக்கொண்டாரா என்று கேட்டாள். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே பதில்தான்.