உருட்டாத தகடு

புதுவாயல் கூட்டு ரோட்டில் ஆதிநாராயணனுக்குத் தெரியாதது என்று ஒன்று கிடையாது. எண்ணெய் டிரம் செய்கிற கம்பெனியில் டைம்கீப்பர். ஆள் வந்த நேரம், போன நேரம் எழுதுகிற வேலை. அந்தப் பேனாவாலேயே பூமிக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார்: பூமி தட்டை, இல்லை என்கிறவன் மடையன்.

இந்த மூளையால்தான், அதே கம்பெனியில் தகடு உருட்டுகிற எதிர்வீட்டுத் தேசப்பன் மகளின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. ஜப்பானில் ஒரு கப்பலிலிருந்து இறக்கி, அமெரிக்காவில் வேறு கப்பலில் ஏற ஏரோப்பிளேனில் அனுப்பினார்களாம். ஒன்பது மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன் என்று கடுதாசி எழுதியிருந்தான். அது காதில் விழுந்ததும் ஆதிநாராயணன் ஆபீஸ் உலகப் படத்தைத் தூக்கிவந்து, தேசப்பன் மனைவி குப்பம்மாள் முன்னால் தரையில் விரித்தார்.

"பாரும்மா, ஜப்பான் இந்த ஓரம், அமெரிக்கா அந்த ஓரம். பிளேனு நம்ம தலை மேல பறந்து, அரபு தேசம், ஆப்பிரிக்கா அல்லாம் தாண்டிப் போவணும். ஒம்போது மணி நேரமாம். பையன் எங்கயும் போவல. மெட்ராஸ் ஆர்பர்ல மூட்டை தூக்கிக்கினு கீறான்."

தேசப்பன் ஷிப்டு முடிந்து இடுப்பைப் பிடித்தபடி வந்தபோது, பொய்க்காரனுக்குப் பெண் இல்லை என்று நிச்சயப் புடவையைத் திருப்பி அனுப்பக் குப்பம்மாள் மடித்து வைத்திருந்தாள்.

தேசப்பன் நாற்பது வயதில் ராத்திரிப் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றவன். மாப்பிள்ளையின் கடைசி இரண்டு கடுதாசிகளையும் எடுத்து, தபால் முத்திரையை விரலால் தடவிப் படித்தான். ஜப்பானில் பதினொன்றாம் தேதி. அமெரிக்காவில் பன்னிரண்டு.

"முத்திரை குத்தறவனும் மாப்ளைக்குச் சொந்தக்காரனா சார்?"

ஆதிநாராயணன் படத்தைத் தட்டினார். "இதுல இன்னா போட்டுகீதோ அதுதான்."

தேசப்பன் படத்தை எடுத்து ஓரத்தோடு ஓரம் ஒட்டச் சுருட்டினான். ஜப்பானும் அமெரிக்காவும் பக்கத்தில் வந்து நின்றன, நடுவே கடல்தான்.

"ஏழு வருசமா தகடு உருட்றேன். தகடா கீறப்போ ஓரத்துக்கு ஓரம் ஆறடி. உருட்டினா ரெண்டும் ஒட்டிக்கும், வெல்டு வெக்கிறோம். உருட்டாத தகட்டைப் பாத்துக்கினு நீ டிரம்மே இல்லைன்ற."

"அப்போ பூமி இன்னா, டிரம்மா?"

"டிரம்மோ பூசணிக்காயோ. தகட்டுல எண்ணெயே நிக்காது, உன் கடலு எப்டி நிக்குது?"

ஆதிநாராயணன் செருப்பைத் தேடினார். குப்பம்மாள் புடவையை எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்துப் பூட்டிவிட்டுச் சொன்னாள்:

"தையில கல்யாணம், வந்துடுங்க சார். எதிர் ஊடுதான். ஆனா உங்க படத்துப்படி அம்மாந்தொலவு திருவாலங்காடு வரைக்கும் போய்ச் சுத்திக்கினு வரணும். விடியறப்பவே கெளம்பிடுங்க."